வேட்டைக் கறியைச் சமைக்கவும் கூறு போடவும் சொல்லிக்கொடுப்பது எப்படி?

முதல் வகுப்பில் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். மானின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் மெத்தென்ற முதுகுக்கறியை விரல் கனத்துக்கு நறுக்கி, காய்ந்த இரும்புச் சட்டியில் வாட்டி, உப்பும் மிளகும் தூவி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். "இவ்வளவு சுலபமா?" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் போனபோது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது முன்சந்தும் கழுத்தும். அதையும் அதே மாதிரி சட்டியில் வாட்டியிருக்கிறார்கள். செருப்பைக் கடித்த மாதிரி இருந்ததாம்.

ஒரு மானில் முதுகுக்கறி கொஞ்சம்தான் இருக்கும். ஊர் முழுக்கப் பங்கு வைத்தால் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைப்பது கடினமான கறி. ஆகவே பாடமும் கடினமான கறியிலிருந்தே தொடங்க வேண்டும். இப்படி ஒரு வகுப்பை முதன்முதலாக நடத்தப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம், அப்புறம் சட்டி

வேட்டைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கிறது. அங்கே இந்த வகுப்புக்கு வேலையே இல்லை. உரிமம், பருவம், எண்ணிக்கை என்று வரம்பு வைத்து வேட்டையை அனுமதிக்கும் நாடுகளும் நிறைய உண்டு. அங்கேயும் சாப்பிடுவதற்கு ஒரு விதி, பிறருக்குக் கொடுப்பதற்கு ஒரு விதி, விற்பதற்கு ஒரு விதி இருக்கும். அமெரிக்காவில் வேட்டையாடிய கறியைப் பகிரலாம், தானமாகக் கொடுக்கலாம். பொதுவாக விற்க முடியாது. வகுப்புச் செலவுக்கு என்று ஒரு கூறுக்கு இவ்வளவு என வசூலித்தால் அதுகூட விற்பனையாக எண்ணப்படலாம். வனத்துறையிடமோ வேட்டை உரிமம் தரும் அலுவலகத்திடமோ முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். உரிமத்தின் நகல் கறியோடு கூடவே இருக்கட்டும்.

எந்த விலங்கை ஏற்கலாம்?

யார் சுட்டார், எப்போது சுட்டார், எப்போது குடலை எடுத்தார், அதுவரை எங்கே கிடந்தது. இந்த நான்குக்கும் பதில் தெரியாத கறியை வகுப்புக்கு எடுக்க வேண்டாம். காட்டில் செத்துக் கிடந்தது என்றால் தொடவே வேண்டாம். 1996இல் காபோன் நாட்டின் மயிபூ பகுதியில், காட்டில் செத்துக் கிடந்த ஒரு சிம்பன்ஸியைக் கொண்டுவந்து அறுத்தார்கள். அறுத்தவர்கள்தான் முதலில் படுத்தார்கள். அது எபோலா. 37 பேருக்கு வந்து 21 பேர் இறந்தார்கள். குரங்கினங்களையும் வௌவாலையும் வகுப்பில் சேர்ப்பதில்லை என்று நான் வைத்திருக்கும் விதிக்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

உயிரோடு இருந்தபோது விலங்கு எப்படி நடந்துகொண்டது என்றும் வேட்டைக்காரரிடம் கேளுங்கள். எலும்பும் தோலுமாக மெலிந்து, எச்சில் ஒழுக, ஆளைக் கண்டு பயப்படாமல் நின்ற மான் என்றால் எச்சரிக்கை. மான் இனத்தை மெலியவைத்துக் கொல்லும் க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது; நார்வேயில் 2016இல் கண்டுபிடித்தார்கள். அதற்குக் காரணமான பிரியான் என்ற உருத்திரிந்த புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோய் உறுதியான மானைச் சாப்பிடக் கூடாது என்பதே மருத்துவத்துறையின் அறிவுரை. அந்த நோய் இருக்கும் பகுதி என்றால் பரிசோதனை முடிவு வரும்வரை கறியைப் பங்கு வைக்காதீர்கள். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல் ஆகியவற்றை எந்தப் பகுதியிலும் ஒதுக்கிவிடுவது நல்லது.

முயல் அறுக்கும்போது கையுறை கட்டாயம். ஈரலில் குருணை குருணையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் முழு முயலையும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். துலரீமியா என்ற காய்ச்சலாக இருக்கலாம். காட்டுப்பன்றி அறுக்கும்போதும் கையுறை வேண்டும். கையிலிருக்கும் சிறு கீறல் வழியாகவே புரூசெல்லா கிருமி ஏறிவிடும்.

சூடு இறங்கும் நேரம்தான் எல்லாம்

காட்டுக் கறி நாறும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர், மெதுவாக ஆறிய கறியைச் சாப்பிட்டவர்கள். விலங்கு விழுந்ததும் அதன் உடம்பே ஓர் அடுப்பு. குடல் உள்ளேயே கிடந்தால் சூடு அடங்காது. தோல் போர்வை மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதகமான சூட்டில் பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். எனவே ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்து, நெஞ்சுக்கூட்டை ஒரு குச்சியால் அகட்டி, நிழலில் காற்றுப் படத் தொங்கவிட வேண்டும். வெயில் காலத்தில் தோலையும் உடனே உரித்துவிடலாம். அன்றைக்கே 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்கியாக வேண்டும். குளிர் அறை இல்லாவிட்டால் ஐஸ் பெட்டி போதும். ஒன்று மட்டும்: ஐஸ் உருகிய தண்ணீரில் கறி ஊறக் கூடாது. ஐஸைப் பையில் கட்டிப் போடுங்கள், தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுங்கள்.

விரட்டி விரட்டிக் களைப்பேற்றிக் கொன்ற விலங்கின் கறி கருத்து, கெட்டியாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். தசையில் இருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஓட்டத்தில் தீர்ந்துபோவதால், இறந்த பிறகு கறியில் உண்டாக வேண்டிய அமிலம் போதுமான அளவுக்கு உண்டாவதில்லை. அது சீக்கிரம் கெடும், வாடையும் கூடுதல். இதையெல்லாம் வேட்டைக்காரர்களை உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டும். சமைக்கிறவர்களை மட்டும் கூப்பிட்டு வகுப்பு நடத்தினால் பாதி விஷயம் கை தவறிப்போகும். என் வகுப்பில் வேட்டைக்காரர் வராவிட்டால் அவர் கொடுத்த கறியை எடுப்பதில்லை. கறாராகத்தான் இருக்கிறேன்.

அறுத்தவுடன் சமைக்கும் அவசரமும் வேண்டாம். விறைப்பு ஏறி இறங்க ஒரு நாள் ஆகும். அதற்குள் சமைத்தால் ரப்பர். மானை 1 முதல் 4 டிகிரிக்குள் மூன்று நான்கு நாள் தொங்கவிட்டால் இன்னும் இளகும். அந்தக் குளிருக்கு உத்தரவாதம் இல்லையென்றால் ஒரே நாளோடு நிறுத்திவிடுங்கள்.

கத்தி: இரண்டு வேலை மட்டும்

கசாப்புக் கலை முழுவதையும் ஒரே நாளில் கற்றுக்கொடுக்க முடியாது. முதல் வகுப்புக்கு இரண்டு வேலை போதும்.

ஒன்று, ஜவ்வு எடுப்பது. தசையின் மேல் வெள்ளி நிறத்தில் மின்னும் தோல் அது. வேக வேகச் சுருங்கி, கறியை இழுத்துப் பிடிக்கும். கத்தி முனையை ஜவ்வுக்கு அடியில் நுழைத்து, ஒரு விரல் நீளம் பிரித்து, அந்த நுனியை இடது கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது கத்தியின் வாயைக் கறிப் பக்கம் சாய்க்காமல் ஜவ்வுப் பக்கம் லேசாக மேலே சாய்த்துத் தள்ள வேண்டும். புதியவர்கள் எல்லாரும் கீழே சாய்ப்பார்கள், ஜவ்வோடு கறியும் பாளம் பாளமாக வந்துவிடும். மூன்றாவது இழுப்பில் கை பழகிவிடும். கத்தி மொட்டை என்றால் ஒன்றும் நடக்காது, அதனால் வகுப்பின் முதல் கால் மணி நேரம் தீட்டுக்கல்லுக்கு.

இரண்டு, கொழுப்பைத் தெரிந்துகொள்வது. மான் கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கவிச்சி வாடை பெரும்பாலும் அதில்தான். முழுக்கச் சீவி எடுத்துவிட்டு, சமைக்கும்போது வேறு கொழுப்போ எண்ணெயோ சேருங்கள். காட்டுப்பன்றிக் கொழுப்பு அப்படி இல்லை, உருக்கி வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த ஆண் பன்றி என்றால் மட்டும் ஒரு சிறு துண்டை வாட்டி முகர்ந்து பாருங்கள். மூத்திர வாடை அடிக்கலாம். வேடிக்கை என்னவென்றால் சிலருடைய மூக்குக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. எனக்குத் தெரியாது. அதனால் முகர்கிற வேலையை மூன்று பேரிடம் கொடுக்கிறேன்.

மானின் பின்னங்கால் உட்புறம், முழங்காலுக்குப் பக்கத்தில் முடி சிலிர்த்த சுரப்பி ஒன்று இருக்கும். அதைத் தொட்ட கையாலும் கத்தியாலும் கறியைத் தொடக் கூடாது.

குண்டு போன இடம்

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈயக் குண்டு எலும்பில் பட்டால் பொடியாகச் சிதறும். கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தட்டாது. 2008இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடத்திய சோதனையில், காயத்திலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் தள்ளியும் ஈயத் துணுக்கு இருந்தது. அதே ஆண்டில் வடக்கு டகோட்டா மாநிலம், ஏழைகளுக்கான உணவு மையங்களில் தானமாக வந்திருந்த மான் கொத்துக்கறியைக் கொட்டிவிடச் சொன்னது.

ஊருக்குப் பகிரும் கறிக்கு ஈயம் இல்லாத, செம்புக் குண்டு போட்ட விலங்கையே கேளுங்கள். அது முடியாவிட்டால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். அந்தப் பக்கத்துக் கறி கொத்துக்கறிக்குப் போகவே கூடாது. ஒரு துணுக்கு, மெஷினில் ஓடினால் பத்து வீட்டுப் பங்கில் கலந்துவிடும். காயத்தைத் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம், துணுக்கைப் பரப்பிவிடும். ஈயக் குண்டு பட்ட கறியைச் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை.

அடுப்பு: மூன்று மணி நேரப் பாடம்

எட்டு பத்துப் பேருக்கு மேல் ஒரு வகுப்பில் வேண்டாம். அவரவர் வீட்டில் என்ன அடுப்பு, என்ன பாத்திரமோ அதையே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் பளபளப்பான பாத்திரத்தில் கற்றுக்கொண்டது அவர்கள் வீட்டு அடுப்பில் எடுபடாது.

பாடத்துக்கான கறி முன்சந்து, இரண்டு கிலோ. பெரிய எலுமிச்சை அளவுக்குத் துண்டு போடுங்கள். முந்தின இரவே கிலோவுக்கு 12 கிராம் உப்புத் தடவிக் குளிரில் வைத்துவிட வேண்டும். வினிகரில் இரவெல்லாம் ஊறவைத்தால் வாடை போகும் என்பார்கள். வாடை கொஞ்சம் மறையும். கறியின் மேற்புறம் மாவாகிவிடும், உள்ளே கடினம் அப்படியே இருக்கும். கிருமியும் சாகாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, கொழுப்பு காய்ந்த சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்கவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர்விட்டு வெந்துவிடும், சிவக்காது. எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் வெங்காயம், பூண்டு. அடியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கரைத்து, கறியைத் திரும்பப் போட்டு, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, தீயைக் குறையுங்கள். கொப்புளம் ஒன்றிரண்டுதான் மேலே வர வேண்டும்.

இனிமேல்தான் பாடம். ஒரு மணி நேரம் கழித்து எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். வெந்துதான் இருக்கும், ஆனால் மெல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லாரும் "கறி சரியில்லை" என்று முடிவு கட்டி அடுப்பை அணைக்கிறார்கள். இரண்டாவது மணி நேரத்தில் இன்னொரு துண்டு. நார் பிரியத் தொடங்கியிருக்கும். இரண்டே முக்கால், மூன்று மணி நேரத்தில் முள்கரண்டியைக் குத்தித் திருகினால் கறி தானாகக் கழன்று விழும். உழைக்கிற தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன், சூட்டிலும் நேரத்திலும் கரைந்து ஜெலட்டினாக மாறுவதுதான் நடந்தது. இதைப் பத்து நிமிடம் விளக்குவதைவிட மூன்று துண்டு தின்னக் கொடுத்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. விறகு சிக்கனம் வேண்டும் என்கிறவர்களுக்குப் பிரஷர் குக்கர்: சிறு தீயில் 35 முதல் 45 நிமிடம்.

முதுகுக்கறியை வகுப்பின் கடைசியில் காட்டுங்கள். மான் கறியில் 100 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம்தான் கொழுப்பு, அதனால் இரண்டு நிமிடம் கூடினாலும் வறண்டுவிடும். கொத்துக்கறிக்கும் இதே சிக்கல்தான். பத்தில் ஒரு பங்காவது வேறு கொழுப்புச் சேர்த்து அரையுங்கள்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்

நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. காட்டுக் கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் சண்டை தீர்ந்தது. கறியின் நடுவில், எலும்பைத் தொடாமல்: நான்கு கால் விலங்குக்கு 71 டிகிரி செல்சியஸ், பறவைக்கு 74, மீந்ததைச் சூடாக்கும்போதும் 74. கருவி சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் விடுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும் 71 என்பதில் ஒரு டிகிரிகூட விட்டுக்கொடுக்காதீர்கள். டிரிக்கினெல்லா என்ற புழு தசைக்குள் சுருண்டிருக்கும். உறையவைத்தால் செத்துவிடும் என்பது வளர்ப்புப் பன்றிக்குச் சொன்ன கணக்கு. காட்டு விலங்கில் இருக்கும் சில வகைகள் உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். உப்புப் போட்டாலும், புகை போட்டாலும், காயவைத்தாலும் நம்ப முடியாது. உப்புக்கண்டம் போடுகிறவர்கள் முதலில் 71 டிகிரிக்கு வேகவைத்துவிட்டு அப்புறம் உலர்த்த வேண்டும்.

கழிவு எதையும், முக்கியமாக ஈரல், நுரையீரல், நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது. அதன் வழியாகத் தட்டைப்புழு சுற்றி வந்து மனிதருடைய ஈரலில் நீர்க்கட்டியாக உட்காரும்.

கூறு போடுதல்

சமைக்கக் கற்றுக்கொடுத்ததைவிடப் பங்கு வைக்கக் கற்றுக்கொண்டதில்தான் எனக்குத் தலை நரைத்தது. முதல் தடவை தராசு வைத்து ஆளுக்கு ஒன்றரைக் கிலோ என்று சரியாக நிறுத்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். ஒருவருக்கு வந்தது கழுத்தெலும்பு, இன்னொருவருக்குத் தொடைக்கறி. எடை ஒன்றுதான்!

இப்போது செய்வது இதுதான். முதலில் வகை பிரிப்பேன்: வாட்டுகிற கறி, நேரம் எடுத்து வேகவைக்கிற கறி, கொத்துக்கறி, எலும்பு. எத்தனை வீடோ அத்தனை கூறு விரித்து, ஒவ்வொரு வகையிலிருந்தும் எல்லாக் கூறிலும் போட வேண்டும். கூறு போட்டவருக்குக் கடைசிப் பங்கு. இந்த ஒரு விதி வந்ததும் கூறுகள் தாமாகவே சமமாகிவிட்டன. அப்புறம் ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பிப் பார்க்காமல் அவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். வேட்டைக்காரருக்குத் தனிப் பங்கு உண்டா, எவ்வளவு என்பதை அறுப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள், கறியைப் பார்த்த பிறகு அல்ல.

எவ்வளவு தேறும் என்ற கணக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 50 கிலோ மானில் எலும்பு நீக்கிய கறி 20 கிலோ வந்தால் நல்ல கை. ஆளுக்கு ஒரு வேளைக்குப் பச்சைக் கறி 150 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 130 வேளைச் சாப்பாடு. வெந்ததும் நாலில் ஒரு பங்காவது சுருங்கும். இதைச் சொல்லாமல் விட்டால் பானையைத் திறந்ததும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வரும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்குப் பச்சைக் கறி கொடுக்காதீர்கள், சமைத்துக் கொடுங்கள். அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிற அளவு. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கொத்துக்கறியைக் கால் கிலோப் பொட்டலமாகக் கட்டுங்கள். சந்துக்கறியை மூன்று மணி நேரம் அடுப்பில் வைத்துக் காவல் இருக்க அவர்களால் முடியாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு ஈரல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மேல் இருக்கும். குறிப்பிட்ட விலங்கைச் சாப்பிடாதவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனிக் கத்தி, தனிப் பாத்திரம். முன்னாலேயே கேட்டுவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

இன்னொன்று, தானம் வாங்குகிற முகத்தோடு யாரும் வரிசையில் நிற்கக் கூடாது. அதனால் எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு: விறகு, வெங்காயம் உரிப்பது, பாத்திரம் கழுவுவது, பெயர் எழுதுவது. ஒரு பாட்டி கத்தி தொட மாட்டார், அடுப்புப் பக்கமும் வர மாட்டார். பொட்டலத்தில் நூல் கட்டுவது மட்டும் அவர் வேலை. அவர் கட்டியதை அவிழ்க்க இன்றுவரை ஒருவராலும் முடிந்ததில்லை.

ஒவ்வொரு பொட்டலத்திலும் விலங்கு, எந்தப் பாகம், தேதி, எப்படிச் சமைப்பது என்று நான்கு வரி. "முன்சந்து, மூடி போட்டு மூன்று மணி நேரம்" என்று பெரிய எழுத்தில். மைனஸ் 18 டிகிரியில் முழுத்துண்டு ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். கொத்துக்கறியை மூன்று நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எந்தப் பொட்டலம் எந்த வீட்டுக்குப் போனது என்ற பட்டியலின் நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது சிக்கல் தெரியவந்து எந்தப் பொட்டலத்தையாவது திரும்ப வாங்க வேண்டியிருந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். எனக்கு ஒருமுறை அப்படித் தட்ட வேண்டி வந்தது. பன்னிரண்டு பொட்டலத்தில் பதினொன்று திரும்பி வந்தன. பன்னிரண்டாவது பாட்டி வீட்டில் இருந்தது, நூலோடு, அவிழாமல்.